தவிட்டுக்கு வாங்கிய வழுதி

1

என் மகன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட வரவில்லை என்று போன வாரம் ஒரு கடிதம் வந்தது. அதை நான் படித்தபோது அவன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை முழுக்கப் பென்சில் கரி. பிஸ்கட்டைக் கோப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

கடிதம் நல்ல தமிழில், நல்ல கையெழுத்தில் இருந்தது. தங்கள் மகன் ரா. வழுதி முதலாம் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தும் பள்ளி திறந்த நாள் முதல் வகுப்புக்கு வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதுவும் கடையில் ஆறு மணி வரை சேலை விரித்துக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்த நேரம்.

"டேய், தினம் பையத் தூக்கிட்டு எங்கடா போற?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான்பா."

"பொய் சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

அவன் அழவில்லை. எழுந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். அ, ஆ, இ, ஈ வரை எழுதியிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.

ஒன்றும் புரியாமல் கடிதத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். என் மனைவி பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடுதாசியில என்ன பேருங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

நான் கடிதத்தை மடித்து வைத்தேன். அந்தப் பெயரை வீட்டுக்குள் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து ஏழு வருஷம் ஆகப்போகிறது.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால் என் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் பெயர் ராமசாமி. அப்பா பெயர் கருப்பையா. தேவகோட்டைப் பக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் நாலு ராமசாமி இருந்தோம். அதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. நெட்டை ராமசாமி, கடைசி வீட்டு ராமசாமி, மாட்டுக்கார ராமசாமி, நான் 'பேச்சு' ராமசாமி. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அப்படி. தபால்காரர் முதற்கொண்டு ஆளைப் பார்த்துத்தான் பெயரைச் சொல்வார்கள்.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த பிறகுதான் இங்கே முதலில் பெயரைப் பார்க்கிறார்கள், பிறகுதான் ஆளைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பதினெட்டு வயதில் வந்து மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எங்கே போனாலும் அடையாளக் கார்டைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

கல்யாணமான புதிது. பஞ்சவர்ணம் இந்த நாட்டிலேயே பிறந்தவள். அவள் அப்பா அம்மா கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர்கள். அவளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் போலீஸ்காரர்கள் நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் கார்டை வாங்கியவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். இறங்கச் சொன்னார்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்ததாக ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயர் ராமசாமி, தகப்பன் பெயர் கருப்பையா. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, நான் துணிக்கடை ராமசாமி" என்றேன். கார்டில் துணிக்கடை என்று எழுதியிருக்கவில்லை. என் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எனக்காகப் பேசி அழைத்துப் போனார். தேடப்பட்டவனுக்கு ஐம்பது வயதாம். யாரும் என்னை அடிக்கவில்லை, சாப்பாடும் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த இரண்டு நாளில் நான் யார் என்று நிரூபிக்க என்னிடம் எதுவுமே இல்லை என்ற பயம் எலும்பு வரை இறங்கிவிட்டது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இந்த நாட்டில் வேறு ஒருவனுக்கும் இல்லாத பெயராக வைப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

3

முடிவு செய்தது நான். ஆனால் முதல் பிள்ளைக்கு ஊரிலிருந்து என் அண்ணன் எழுதிவிட்டார்: தலைச்சன் ஆண் பிள்ளை, அப்பா பெயர்தான் வைக்க வேண்டும். கருப்பையா என்று வைத்தோம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பஞ்சவர்ணம் 'சின்னவரே' என்றுதான் கூப்பிட்டாள். நாற்பது நாள் இருந்தான். தன் பிள்ளையை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே அனுப்பிவிட்டேன் என்று அவள் மாதக்கணக்கில் அழுதாள்.

அந்த ஏக்கத்தில் இரண்டாவது பிள்ளையை வாய் ஓயாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். செல்வராஜ். தொட்டிலில் கூப்பிடுவாள், குளிப்பாட்டும்போது கூப்பிடுவாள், பசாருக்குத் தூக்கிப் போய் மீன் விற்கிறவர்களிடம் பெயரைச் சொல்லிக் காட்டுவாள். கொழுகொழுவென்று இருப்பான். எட்டாம் மாதம் ஒரு காய்ச்சல் வந்தது, மூன்றே நாளில் போய்விட்டான். "நான்தாங்க ஊரக் கூட்டிக் கூப்பிட்டு அனுப்பி வெச்சிட்டேன்" என்றாள். இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை.

மூன்றாவது பிள்ளை, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், கொடியேற்றிச் சில வாரங்கள் கழித்துப் பிறந்தான். கடை வாசல்களில் கட்டிய காகிதத் தோரணம் மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே பிறந்த பிள்ளை இந்த நாட்டுக் குடிமகன் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல பெயர் ஒன்றைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழாசிரியர் பாண்டியர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வைப்பார். அதில் ஒன்று நினைவுக்கு வந்தது. வழுதி. அதுவரை அந்தப் பெயரில் ஓர் ஆளை நான் கண்டதில்லை. கடையில் சொல்லிப் பார்த்தேன். தலைவலித் தைலம் பெயரா என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியாத பெயர் என்பது உறுதியாகிவிட்டது.

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"ராசா பேரா? வேணாங்க. பிச்சைன்னு வைங்க, குப்பன்னு வைங்க. காதுல விழுந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்காத பேரா வைங்க."

"சுதந்திர நாட்டுல பொறந்த பிள்ளைக்குக் குப்பன்னு பேரா? கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பிள்ள இருந்தா போதும் எனக்கு."

என் பிள்ளையும் ஆயிரம் குப்பன்களில் ஒருவனாக நின்று யாரிடமோ கெஞ்ச வேண்டுமா என்று நான் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அவளுக்கும் பயம், எனக்கும் பயம். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

4

அவளிடம் சொல்லாமல் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுதுகிற கிராணி, அதாவது குமாஸ்தா, மலாய்க்காரர், பொறுமையான மனிதர். பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்தினார்.

"பின்னால சாமி இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை. இவ்வளவுதான்."

"முன்னால முத்து, கிருத்து எதுவும்?"

"வேண்டாம் துவான். உங்க புத்தகத்துல இதே பேர்ல வேற யாராவது இருக்காங்களா?"

அவர் சிரித்துவிட்டார். இத்தனை வருஷ வேலையில் இந்தப் பெயரைத் தான் எழுதியதில்லை என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. சூராட் பெரானாக் என்று இங்கே சொல்லும் பிறப்புச் சான்றிதழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் வீடு இருந்த காஜா பெராங் வரை சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் பிள்ளை இல்லை. பஞ்சவர்ணம் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மக்சிக் லெச்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முறத்தைப் பிடித்திருந்தாள். முறத்துக்குள் என் மகன்.

மக்சிக் என்றால் மலாயில் சித்தி, அத்தை முறை. அவர்கள் மலாக்கா செட்டிகள். ஊரில் நீங்கள் அறிந்த நகரத்தார் அல்ல; பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். சாரோங் கெபாயா உடுத்துவார்கள், திருநீறு பூசுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். எங்கள் தமிழை மக்சிக் அரைகுறையாகப் புரிந்துகொள்வாள்.

என் கண் முன்னால் பஞ்சவர்ணம் ஒரு பிடி தவிட்டை மக்சிக் கையில் கொடுத்தாள். அதுவும் மக்சிக் தன் கோழிகளுக்கு வைத்திருந்த தவிடு; கடனாக வாங்கி அவளிடமே கொடுத்தாள். மக்சிக் அதை வாங்கி மடியில் கொட்டிக்கொண்டு முறத்தை இந்தப் பக்கம் நீட்டினாள். வியாபாரம் முடிந்தது. பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற சடங்குதான். பெற்ற பிள்ளையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினால், தேடி வருகிற எதுவும் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஏமாந்து போய்விடுமாம்.

"பேரு?" என்று மக்சிக் கேட்டாள்.

"தவுடு" என்றாள் பஞ்சவர்ணம்.

சட்டைக்குள் இருந்த சான்றிதழை நான் அப்போது எடுக்கவில்லை.

5

அடுத்த ஐந்து மாதமும் வீட்டில் இரண்டு பெயர் நடமாடின. நான் கடையிலிருந்து வந்ததும் 'வழுதி' என்பேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள். அண்ணனுக்கு எழுதினேன். அவர் இரண்டு பெயரையும் ஏற்காமல், இன்றுவரை 'சிரஞ்சீவி கருப்பையாவுக்கு ஆசிகள்' என்றுதான் எழுதுகிறார்.

ஆறாம் மாதம் கடை நண்பர்கள் இரண்டு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வீம்புதான், வேறென்ன. பிள்ளையை உயரத் தூக்கி, எல்லாரும் கேட்க மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னேன். நண்பர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். நாலாம் நாள் கை கால் வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மக்சிக்கும் கூட வந்தாள். டாக்டர் ஊசி போட்டு உள்ளே வைத்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மக்சிக் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"நாமா பெராட், தம்பி. புடாக் கெச்சில், தா போலே அங்காட்."

பெயர் கனம், பிள்ளை சின்னது, தூக்க முடியவில்லை என்றாள். அவர்கள் வழக்கத்திலும் இது உண்டாம். பெயரின் பாரம் தாங்காமல் பிள்ளை நோயில் விழுந்தால் பெயரை இறக்கி வைத்துவிடுவார்களாம். நான் நாலு பத்திரிகை படிக்கிறவன். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் வாதாடியிருப்பேன். அன்றைக்கு எழுந்துபோய் பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இனிமே நம்ம வீட்டுக்குள்ள அந்தப் பேர எடுக்க மாட்டேன். சத்தியம்."

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளில் பிள்ளை எழுந்து பால் குடித்தான். டாக்டரின் ஊசி என்று நான் கடையில் சொன்னேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவன் தவுடுதான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வளர்ந்தான், பாதி நேரம் மக்சிக் வீட்டில்தான் கிடந்தான். அங்கே மலாய், இங்கே தமிழ், கோழிகளிடம் இரண்டும் கலந்து. "நீ யார் பிள்ளடா?" என்று கேட்டால், "மக்சிக் பிள்ள, அம்மா தவுட்டுக்கு வாங்கிட்டாங்க" என்பான். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். மலாயா மலேசியா ஆனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் தாளை நிரப்பியது நான். சான்றிதழில் உள்ள பெயரைத்தானே எழுத முடியும்? எழுதினேன். அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இப்படிப்பட்ட புத்திசாலி நான்.

6

கடிதம் வந்த மறுநாள் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். டீச்சர் சின்னப் பெண். வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வழுதி என்ற பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்புக் கோடு. பக்கத்தின் அடியில் பென்சிலால், 'தவுடு, தாள் இன்னும் வரவில்லை' என்று எழுதியிருந்தது.

"முதல் நாள் பேரக் கேட்டேங்கய்யா. தவுடுன்னான். லிஸ்ட்ல இல்ல. தோட்டத்துலருந்து மாறி வந்த பிள்ள போலன்னு நெனச்சேன். தினம் வழுதி, வழுதின்னு கூப்பிடுறேன். மொத பெஞ்சுல உக்காந்துக்கிட்டு அவனும் மத்த பிள்ளைங்களோட சேர்ந்து வாசலத்தான் பாக்குறான்."

சிரிக்க வேண்டிய விஷயம். டீச்சர் சிரித்தார். பஞ்சவர்ணம் பதிவேட்டில் இருந்த சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னங்க கோடு?"

"ஆப்சென்ட். பிள்ள இல்லன்னு அர்த்தம்."

"எம்பிள்ள இருக்கானேங்க" என்றாள்.

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். "நான் இங்க கூப்பிட்டா பயந்துபோய் முழிப்பான்க்கா. வீட்ல நீங்க கூப்பிட்டுப் பழக்குங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவனா பதில் சொல்லட்டும், நான் பெரிய வாத்தியார்கிட்ட பேசிக்கிறேன்."

திரும்பி நடக்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எனக்கு அது லேசான முடிவு அல்ல.

"சத்தியப் பத்திரம் எழுதிக் குடுத்தா சூராட்ல பேர மாத்தலாம். தவிட்டுசாமின்னு மாத்திடுறேன். ஒனக்கும் பயம் வேணாம்."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். "வேணாங்க."

"ஏன்? நீ வெச்ச பேருதானே?"

"அது நான் அவன ஒளிச்சு வெச்ச பேருங்க. அவன் பேரு இல்ல."

இத்தனை வருஷம் அவள் அந்தப் பெயரை வெறுக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பிள்ளைக்கு அதுதான் பெயர் என்று அவள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டாள். வெளியே எடுக்கத்தான் துணிச்சல் வரவில்லை. இது விளங்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

நேரே மக்சிக் வீட்டுக்குப் போனாள். மக்சிக் விற்ற பிள்ளை, அவளைக் கேட்காமல் செய்யக் கூடாதாம். மக்சிக் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, எங்களுக்கு முன்பே பள்ளிக்கூடம் விட்டு வந்து கோழிகளுக்கு நடுவே குந்தியிருந்த பையனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"சுடா பெசார். போலே" என்றாள். பெரியவனாகிவிட்டான், முடியும்.

பஞ்சவர்ணம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், உதவி செய்யவில்லை. அவள்தான் கூப்பிட வேண்டும்.

"வழுதி."

அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மெல்லத்தான் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

"வழுதீ!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவன் திரும்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"யாரம்மா கூப்புடுற?"

"ஒன்னத்தான்டா. அதான் ஒம்பேரு. அப்பா வெச்சாரு."

அவன் யோசித்தான். "அப்ப ஸ்கூல்ல டீச்சர் தேடுறது என்னையா?" என்று கேட்டுவிட்டு ஓடி வந்தான். அவள் அவனை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

அன்றும் மறுநாளும் அவன் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு சாப்பிடும்போது, பல் விளக்கும்போது, கணக்கு எழுதும்போது. அவள் அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து நானும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். டாக்டரின் ஊசி என்று கடையில் சொன்ன அதே ஆள்தான்.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்தேன். அவனும் பையை எறிந்துவிட்டு வந்தான்.

"டீச்சர் கூப்புட்டாங்கம்மா. நான் எந்திரிச்சு 'இருக்கேன் டீச்சர்'னு சொன்னேன். எல்லாரும் கைதட்டுனாங்க."

"என்னன்னு சொன்ன?"

"இருக்கேன் டீச்சர்."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னான். அவள் உள்ளே போனாள். ஒரு நிமிஷம் கழித்து, "வழுதி!" என்று கூப்பிட்டாள். "இருக்கேன்மா" என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். என்ன வேலை என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றாள். பிறகு மூன்றாவது தடவை.

கை கழுவிவிட்டுத் திரும்பிய நானும் ஒரு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன்ப்பா! எத்தன தரந்தான் சொல்றது?" என்று அவன் சலித்துக்கொண்டான்.